வாசல் படி தேய்ந்துவிட்டது: மேலே பூசலாமா, உடைத்துப் போடலாமா?

கேள்வி (ஒற்றப்பாலத்திலிருந்து ஒரு வாசகர்), பிப்ரவரி 7, 2025

மாமனார் வீட்டு முன்வாசல் படிகள் நடுவில் குழிந்துவிட்டன. விளிம்புகள் உதிர்கின்றன. எல்லாம் பழைய செங்கல் படிகள். உடைக்கவே வேண்டாம், மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டால் இன்னும் இருபது வருடம் நிற்கும் என்கிறார் மேஸ்திரி. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். ஆனாலும் கட்டட வேலைப் பேச்சு பாதிதான் புரிகிறது. பூசுவதா, உடைப்பதா?

பிப்ரவரி 8

பதில் (செங்கோட்டையிலிருந்து): பூசாதீர்கள்.

பிப்ரவரி 8, சற்று நேரம் கழித்து

ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னதற்கு இரண்டு பேர் கோபித்திருக்கிறார்கள். சரி, காரணம் சொல்கிறேன்.

செங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கும் 2017-இல் இதே வைத்தியம்தான் நடந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் படிகள், அடியில் மட்டும் ஒரு கருங்கல் பாளம். "உடைத்தால் குப்பை, செலவு, நாலு நாள் முன்வாசலில் நடமாட முடியாது. மேலே போட்டுத் தருகிறேன்" என்றார் அப்போது வந்த கொத்தனார். எனக்கு அந்த நாலு நாள்தான் பெரிதாகப் பட்டது. ஒரே நாளில் வேலை முடிந்தது. இரண்டாவது சாரல் பருவத்தில் விளிம்போரம் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்தது. நான்காவது வருடம் சிலிண்டர் கொண்டுவந்த பையன் வழக்கம்போல இரண்டாவது படியில் 'ணங்' என்று இறக்கினான். ஒரு முழ நீளத்துக்கு அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது. பெயர்ந்த துண்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பழைய படியின் தூசி அப்படியே அதில் இருந்தது. அது ஒரு நாளும் ஒட்டியிருக்கவே இல்லை, நாலு வருடம் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

பழைய பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, ஈரம் இருக்கும்போதே சிமெண்ட் பால் தடவிவிட்டுப் போட்டிருந்தால் ஒருவேளை ஒட்டியிருக்கும். காய்ந்த செங்கல் பொல்லாதது. மேலே விழும் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும். ஒட்ட வேண்டிய இடத்தில் சிமெண்ட் இறுகத் தண்ணீர் இருக்காது.

ஏற்கெனவே யாராவது பூசியிருந்தால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'கணீர்' என்றால் பிழைத்தது. 'டொப்' என்றால் உள்ளே காற்று.

பிப்ரவரி 9

இன்னொன்று. இதை 2017-இல் எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாப் படிக்கும் இரண்டு அங்குலம் கூட்டினால் எல்லாம் சமமாகத்தானே உயரும் என்று தோன்றும். தெருவும் வீட்டுத் தரையும் உயரவில்லையே! நடுப் படிகளின் உயரம் மாறாது. தெருவிலிருந்து முதல் படிக்கு இரண்டு அங்குலம் கூடும், கடைசிப் படியிலிருந்து வீட்டுத் தரைக்கு இரண்டு அங்குலம் குறையும். ஆறு ஆறாக இருந்த நாலு ஏற்றம் எட்டு, ஆறு, ஆறு, நாலு என்று ஆகிவிடும். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் நிலைப்படிக்கு முன்னால் லேசாகக் குனிந்து குதித்துத்தான் உள்ளே வந்தார்கள். வெகுநாள் அதை மரியாதை என்று நினைத்திருந்தோம்.

பிப்ரவரி 11

கம்பத்துக்காரர் ஒருவர், "நீங்கள் இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் படியை உடைத்துப் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. பெயர்ந்த இடத்தில் ஒரு கோணியை மடித்துப் போட்டு நாலு வருடம் ஓட்டிவிட்டேன். இந்தக் கேள்வியைப் படித்த பிறகுதான் ரோஷம் வந்திருக்கிறது. வரும் ஞாயிறு உடைக்கிறோம்.

ஏன் ஞாயிறு? எங்கள் ஊரில் மற்ற நாள்களில் கொத்தனார் கிடைக்க மாட்டார். விடியற்காலையிலேயே புளியரை தாண்டி புனலூர், கொட்டாரக்கரை என்று போய்விடுவார்கள். அங்கே கூலி அதிகம். 1956 நவம்பர் 1 வரை நாங்களே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தோம். நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்த பிறகும் கொத்தனார்கள் அந்தப் பக்கமே போகிறார்கள்.

உடைப்பதற்கு முன் ஒரு வேலை செய்தேன். எந்தப் படி அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தேன். எல்லாரும் கால் பட்டுத் தேய்ந்தது என்றுதான் சொன்னார்கள். கால் பட்டால் நடுவில் அல்லவா தேய வேண்டும்? எங்கள் இரண்டாவது படியில் குழி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேர்கோடாக ஓடுகிறது. நிமிர்ந்து பார்த்தால் மேலே ஓட்டு விளிம்பு. ஜூன் முதல் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வரும். அது ஓய்ந்து கொஞ்ச நாளில் ஐப்பசி மழை. வருடத்தில் இரண்டு பருவம் ஓட்டு நீர் அதே கோட்டில் சொட்டியிருக்கிறது. தண்ணீரை விட்டுவிட்டுப் படியை மட்டும் மாற்றினால் புதுப் படிக்கும் அதே கதிதான். ஓட்டோரம் தகர வாய்க்கால் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கேரளத்தில் அதற்குப் பாத்தி என்று பெயர்.

மாமியார் தன் பங்குக்கு, "நான் கல்யாணமாகி வந்தபோது ஐந்து ஏற்றம் இருந்தது, இப்போது நாலுதான் இருக்கிறது" என்றார். 1963-இல் வந்தவர். வயது 81. நாங்கள் சிரித்தோம்.

பிப்ரவரி 16, இரவு

கையெல்லாம் சுண்ணாம்பு. மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

ஐந்தாவது ஏற்றம் இருக்கிறது. ரோட்டுக்கு அடியில். கருங்கல் பாளத்தை நெம்பிய கடப்பாரை இன்னும் கீழே 'ணங்' என்று எதிலோ மோதியது. தோண்டினால் முழுசாக ஒரு படி, விளிம்புகூட உடையாமல். நாங்கள் முதல் படி என்று மிதித்துக்கொண்டிருந்த கருங்கல்தான் அந்தக் காலத்தில் இரண்டாவது. அதிலும் மூன்று அங்குலம் மண்ணுக்குள். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் ஊற்றி ஊற்றித் தெரு ஏறத்தாழ பத்து அங்குலம் உயர்ந்திருக்கிறது. 2017-இல் என் படிக்குச் செய்த அதே பூச்சு வேலை, தெருவுக்கு.

கருங்கல்லைத் திருப்பிப் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று என் வீட்டுக்காரர் கனவு கண்டார். நாலு பேர் சேர்ந்து புரட்டினோம். அடிப்பக்கம் பாறையில் ஆப்பு அடித்துப் பிளந்த குழிகள் வரிசையாக இருக்கின்றன. நடுவே ஆமை முதுகு போல ஒரு புடைப்பு. கொத்திச் சமன் செய்ய ஆள் தேடினால் படிச் செலவை மிஞ்சிவிடும். கொல்லையில் துவைகல்லாகப் போட்டாயிற்று. தேய்ந்த பக்கம் மேலே, துணி துவைக்க அந்தக் குழிவு நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 17

பால்காரர் பலகை மேல் நடந்து வந்து, "பாலம் எப்போது திறப்பு விழா?" என்கிறார்.

பிப்ரவரி 19

ஒற்றப்பாலத்துக்காரருக்கு: நீங்கள் நேற்று போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது செங்கல் இல்லை ஐயா! வெட்டுக்கல். புழுத்துளை மாதிரி ஓட்டை ஓட்டையாக, துருப்பிடித்த நிறத்தில் இருக்கிறதே. உங்கள் மேஸ்திரி "செங்கல்லு" என்று சொல்லியிருப்பார், நீங்கள் அதைத் தமிழில் கேட்டுவிட்டீர்கள். மலபார் பக்கம் செங்கல்லு என்றால் வெட்டுக்கல். நம் செங்கலுக்கு அவர்கள் இஷ்டிகை என்பார்கள்.

இந்தக் குழப்பத்தில் நீங்கள் முதல் ஆள் இல்லை. பிரான்சிஸ் புக்கானன் என்ற வெள்ளைக்காரர், உங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லாத அங்காடிப்புறத்தில் இந்தக் கல்லைப் பார்த்துவிட்டு 1807-இல் வெளியான புத்தகத்தில் அதற்கு 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'லேட்டர்' என்றால் செங்கல். ஈரமாக இருக்கும்போது கோடாலியால் வெட்டலாம், காற்றுப் பட்டால் இறுகிவிடும், செங்கல் மாதிரி அடுக்கிக் கட்டலாம். அதனால் அந்தப் பெயர்.

ஆகவே நான் 8-ஆம் தேதி சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. வெட்டுக்கல் படியில் தேய்ந்த கல்லை மட்டும் பெயர்த்துவிட்டு அதே அளவில் வேறு கல் வைக்க முடியும். கான்கிரீட்தான் வேண்டும் என்றால் உடைத்துவிட்டுப் போடுங்கள். பூச்சு வேண்டாம் என்பதில் மாற்றம் இல்லை. அத்தனை ஓட்டை உள்ள கல்லும் செங்கல் மாதிரியே தண்ணீர் குடிக்கும்.

பிப்ரவரி 22

வீட்டில் மூன்று நாளாக எண்ணிக்கைச் சண்டை.

இப்போதைய தெருவிலிருந்து வீட்டுத் தரை 25 அங்குலம். நாலு ஏற்றம் வைத்தால் ஒன்று ஆறேகால். ஐந்து வைத்தால் ஒன்று ஐந்து. மாமியார் முழங்காலுக்கு ஐந்துதான் நல்லது. ஆனால் கால் வைக்கும் அகலம் ஓர் அடி என்றால், ஐந்து ஏற்றத்துக்கு நாலு படி, நாலடி நீளம். சாக்கடை மூன்றடியில் இருக்கிறது. சாக்கடை மேல் படி கட்ட எனக்கு மனம் இல்லை. அகலத்தைக் குறைத்தால் இறங்கும்போது குதிகால் தொங்கும். உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தைக் கூட்டினால் இருபத்து நாலு, இருபத்தைந்து அங்குலம் வர வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஆறேகாலும் பன்னிரண்டும் அதற்குச் சரியாக வருகிறது. ஆக நாலு ஏற்றம்.

நாலு என்றதும் நாத்தனார் கைபேசியில் வந்துவிட்டார். லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம். நாலு நஷ்டம். பக்கத்து வீட்டு மாமா, "இந்திரன், எமன், ராஜன் என்றுதான் எண்ண வேண்டும்" என்றார். அப்படி எண்ணினால் நாலு இந்திரன். ஐந்துதான் எமன். ஆனால் நாத்தனார் கணக்கில் ஐந்து லாபம். லாபத்தோடு எமன் வருகிறான். தபால் அலுவலகக் கவுண்டரில் முப்பத்தொரு வருடம் எண்ணியவள் நான். நான் கண்டுபிடித்த வழி: ஏற்றத்தை எண்ணாதீர்கள், படியை எண்ணுங்கள். நாலு ஏற்றத்துக்குப் படி மூன்று, நாலாவது மிதி வீட்டுத் தரை. மூன்று என்றால் லாபம், ராஜன் இரண்டும். எல்லாரும் திருப்தி.

களியக்காவிளைக்காரர், "தெரு இன்னும் உயரும், முதல் ஏற்றத்தை மட்டும் எட்டு அங்குலம் வையுங்கள்" என்கிறார். விவரமான யோசனைதான். ஆனால் தெரு உயரும்வரை மாமியார் எட்டு அங்குலம் ஏற வேண்டுமே.

பிப்ரவரி 23, இரவு

அடித்தளம் ஆயிற்று. ஒன்றரை அடி தோண்டி, தண்ணீர் விட்டுக் குத்தி இறுக்கி, மேலே ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு மணல், எட்டுப் பங்கு ஒன்றரை அங்குல ஜல்லி என்ற கலவை போட்டு நாலு அங்குலம். புதைந்திருந்த பழைய படியை எடுக்கவில்லை. அதன் மேல்தான் புதியது உட்காரும். என் வீட்டுக்காரர் குனிந்து அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

வீட்டுச் சுவருக்கும் புதுப் படிக்கும் நடுவே அரை அங்குலம் தெர்மோகோல் வைக்கச் சொன்னேன். படி பின்னால் கொஞ்சம் அமுங்கினால் சுவரையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. வெடிப்பு விழுவதானால் நான் சொல்லும் இடத்தில் விழட்டும்.

பிப்ரவரி 27

கலவைக் கணக்குக் கேட்டவர்களுக்கு. ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்), மூன்று பங்கு முக்கால் அங்குல ஜல்லி. படி ஐந்தடி அகலம், மொத்தம் ஏறத்தாழ 16 கன அடி. இந்தக் கலவையில் ஒரு மூட்டைக்கு நாலரை கன அடி கான்கிரீட் வரும். மூன்றரை மூட்டை, நாலாக வாங்கிவிட்டேன். தண்ணீர் மூட்டைக்கு 32 லிட்டர். இதுதான் உயிர்நாடி. மேஸ்திரி ஹோஸ் பைப்பைக் கையில் எடுத்தால் பிடுங்கிவிடுங்கள்.

எங்கள் மேஸ்திரி தென்காசிக்காரர்தான். இருபது வருடம் கொட்டாரக்கரையில் வேலை செய்து ஜல்லியை மெட்டல் என்பார், பூச்சைத் தேப்பு என்பார். என்னை அக்கா என்று தொடங்கிச் சேச்சி என்று முடிப்பார்.

பிப்ரவரி 28

திருத்தம். புனலூரிலிருந்து எழுதும் பொறியாளர் பிடித்துவிட்டார். 32 லிட்டர் என்பது ஒன்றுக்கு இரண்டு, நாலு கலவைக்கு. நான் சொன்ன ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று கலவைக்கு ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூல்) சொல்வது மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர். மணல் ஏற்கெனவே நனைந்திருந்தால் அந்த ஈரத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டு லிட்டர்தானே என்று சொல்ல வந்தேன், விட்டுவிட்டேன்.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். மேல் பூச்சு போடுவதாக இருந்தால் அந்தக் கனத்தைப் பலகை அடைக்கும்போதே கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 9-ஆம் தேதி நான் எழுதிய கதைதான் திரும்பவும். நான் தனிப் பூச்சே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே மணியாசுக் கட்டையால் (பரப்பைச் சமன் செய்யும் மரக்கட்டை) தேய்த்து அப்படியே விடுவது.

மார்ச் 2, இரவு

போட்டாயிற்று.

மூன்று சண்டை. முதலாவது தண்ணீர். அரை மூட்டைக் கலவைக்குப் பதினைந்து லிட்டர் என்று அளந்த வாளியோடு நான் நின்றேன். "இது புட்டு மாவு மாதிரி இருக்கிறது சேச்சி, எப்படிப் பலகைக்குள் இறங்கும்?" என்றார். கம்பியால் குத்தினால் இறங்கும் என்றேன். குத்தினார். இறங்கியது. பாயசம் மாதிரி கலந்தால் தானாக ஓடி நிரம்பும், உண்மைதான். மிஞ்சிய தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் பொடித் துவாரமாகிவிடும், அதன் வழியாகத்தான் அடுத்த மழை உள்ளே இறங்கும்.

இரண்டாவது, மேல்பரப்பு. அவருக்குக் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக முடித்தால்தான் கைக்குப் பெருமை. சாரலில் பாசி பிடித்தால் அந்தக் கண்ணாடியில் யார் நடப்பது? கட்டைத் தேய்ப்போடு நிறுத்தி, விளிம்பை மட்டும் உருட்டி, விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே கயிற்றை அழுத்தி மூன்று கோடு போட வைத்தேன்.

மூன்றாவது சண்டை சாப்பாட்டில் உப்பு பற்றியது. அது இங்கே வேண்டாம்.

ஆனால் ஆளைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே கருங்கல் துண்டுகளைப் புதைத்ததில் கடைசியில் ஒன்றரைச் சட்டிக் கலவை மிஞ்சியது. வேறு யாராக இருந்தாலும் கொல்லையில் கொட்டியிருப்பார்கள். இவர் மூன்றாவது படிக்கே போட்டு முடித்தார். ஒரு கரண்டிகூட வீணாகவில்லை. மூன்றாவது பலகை மேல் ஒரு ரீப்பரை, அதாவது மெல்லிய மரச் சட்டத்தை, வைத்து ஆணி அடித்தார், தண்ணீர் முன்னால் வழிய வாட்டத்துக்காக இருக்கும். இப்படிப்பட்ட ஆள் கிடைப்பது அபூர்வம்.

மார்ச் 3

பலகை பிரித்தோம். இரண்டாவது படி மூலையில் சுண்டுவிரல் அளவு பிய்ந்தது. மற்றபடி சுத்தம்.

மார்ச் 10

"எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும்?" என்று ஐந்து பேர் கேட்டாயிற்று. கடையில் இப்போது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. (PPC) சிமெண்ட்தான் கிடைக்கிறது. அது மெதுவாக இறுகும். குறைந்தது பத்து நாள், வெயில் காலத்தில் பதினாலு நாள். சாக்கு விரித்து, சாக்கு காயாமல் நனைக்க வேண்டும். காலையில் ஒரு முறை ஊற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டு மாலையில் மறுபடி ஊற்றுவது நனைப்பது ஆகாது. நடுவில் காய்ந்தால் காய்ந்ததுதான்.

எங்கள் வீட்டில் இந்த வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். விடிந்ததும் வாசல் தெளிப்பவர், இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தெளிக்கிறார். மார்ச் வெயிலில் எங்கள் தெருவிலேயே குளிர்ச்சியான இடம் எங்கள் படிதான். ஒரு நாய் குடியேறிவிட்டது. அதன் கால்தடம் முதல் படியில் இல்லாததற்குக் காரணம், அது ஒரு நாள் தாமதமாக வந்தது.

மார்ச் 20

நேற்று மாமியார் தடுக்கிவிட்டார். கடையநல்லூரில் மகள் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பியவர், மூன்றாவது ஏற்றத்தில் தடுக்கித் தூணைப் பிடித்துக்கொண்டார். அடி ஒன்றும் இல்லை.

ராத்திரி யோசித்துக்கொண்டே இருந்தேன். அறுபது வருடம் கோணல் மாணலான படிகளில் ஏறியவர். நாலு, ஏழு, ஆறரை, ஏழரை என்று அந்த உயரமெல்லாம் அவர் காலுக்கு மனப்பாடம். இருட்டில்கூடத் தடுக்கியது இல்லை. நான் எல்லாவற்றையும் சமமாக்கி அந்த மனப்பாடத்தை அழித்துவிட்டேனோ? கண் பழகிவிடும், கால் பழக நாளாகும் போலிருக்கிறது. இதை எழுதும்போது தொண்டை அடைக்கிறது.

மார்ச் 23

மேலே உள்ள குறிப்புக்கு வந்த பாராட்டையெல்லாம் மூன்று நாளாக வாங்கி வைத்திருந்தேன். திருப்பித் தர வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் அதே இடத்தில் தடுக்கினார், மூக்குக் கண்ணாடியைத் திட்டினார். நேற்று பால்காரர். அவருக்கு எங்கள் படியில் என்ன மனப்பாடம்? டேப்பை எடுத்தேன். ஆறேகால். ஆறேகால். ஏழு. ஐந்தரை. கூட்டினால் சரியாக 25.

மூன்றாவது படி முக்கால் அங்குலம் உயரம். கொத்தனார் கணக்கில் ஆறு நூல். ரீப்பரின் கனமும் ஆறு நூல்தான். அது வாட்டத்துக்காக வைத்தது இல்லை, மிஞ்சிய ஒன்றரைச் சட்டியை நிரப்ப இடம் செய்வதற்காக வைத்தது. பக்கத்திலேயே வாளியோடு நின்றுகொண்டு, வீணாகவில்லை என்று நானே அதை மெச்சி இங்கே எழுதியும் வைத்திருக்கிறேன். மார்ச் 2, கடைசிப் பத்தி. அழிக்க மாட்டேன், இருக்கட்டும்.

மாமியாரிடம் சொன்னேன். "விழுந்த அன்றைக்கே மூன்றாவது உயரமாக இருக்கிறது என்று சொன்னேனே" என்றார். சொல்லியிருக்கிறார். நான்தான் கேட்கவில்லை, காலின் ஞாபகத்தைப் பற்றி எழுதப் போய்விட்டேன்.

மார்ச் 24

புனலூர்ப் பொறியாளர் சொல்கிறார்: அடுத்தடுத்த இரண்டு ஏற்றங்களுக்குள் இரண்டு நூலுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, முழுப் படிக்கட்டும் கொஞ்சம் உயரமாக இருந்தால்கூட மனிதன் ஏறிவிடுவான், ஒன்று மட்டும் மாறினால்தான் விழுவான். எங்களுக்கு மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் பன்னிரண்டு நூல். மற்ற இரண்டையும் உயர்த்திச் சரிக்கட்டலாமா என்று கம்பத்துக்காரர் கேட்கிறார். அதாவது மேலே பூசுவது! என் பதிலின் முதல் சொல்லை மறுபடி படியுங்கள் ஐயா.

ஏப்ரல் 6, இரவு

மேஸ்திரியே வந்தார். கூலி வாங்கவில்லை. முகத்தையும் காட்டவில்லை. உளி மாட்டிய டிரில்லால் மூன்றாவது படியைக் கொத்தி, பிறகு மொசைக் தேய்க்கும் இயந்திரத்தில் முரட்டுக் கல் போட்டுத் தேய்த்து ஐந்து நூல் எடுத்தாயிற்று. மிச்சம் ஒரு நூல், அதைக் கால் கண்டுபிடிக்காது. ஒரு மாதம் இறுகிய கான்கிரீட்டைத் தேய்க்க ஒரு முழு நாள். தெரு முழுவதும் வெள்ளைத் தூசி. தண்ணீரை அளந்து விட்டதற்கான தண்டனை இது என்று அவர் முனகியது என் காதில் விழுந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது படியில் ஜல்லி வெளியே தெரிகிறது. புள்ளி புள்ளியாக, மற்ற இரண்டோடு சேராமல் தனியாக நிற்கிறது. கயிற்றுக் கோடுகளும் போய்விட்டன.

மே 27

வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டித்தான் கேரளத்தில் பருவமழை தொடங்கும். இந்த வருடம் 24-ஆம் தேதியே வந்துவிட்டது. இங்கேயும் சாரல். குடையோடு வாசலில் உட்கார்ந்து படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் கேலி செய்கிறார்கள்.

தகர வாய்க்கால் வேலை செய்கிறது. இரண்டாவது படியில் சொட்டு விழவில்லை. முதல் இரண்டு படியிலும் தண்ணீர் முன்னால் வழிந்து ஓடுகிறது, அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வைத்தது வீண் போகவில்லை. மூன்றாவதில் தேய்த்தபோது வாட்டமும் சேர்ந்து போய்விட்டது. இடது கோடியில் உள்ளங்கை அளவு தேங்குகிறது. அந்தத் தண்ணீரை மாமியார் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, கோலம் போட நாலாவது மிதிக்கு, அதாவது நடைக்குப் போய்விடுகிறார்.

தெர்மோகோல் வைத்த இடைவெளியில் தண்ணீர் இறங்குகிறது. அதன் மேல் வாயைத் தார் போட்டு அடைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். மழை விட்டதும் முதல் வேலை.

ஜூலை 13

ஒற்றப்பாலத்துக்காரர் ஐந்து மாதம் கழித்து வந்திருக்கிறார். அவர் உடைக்கவில்லை. வெட்டுக்கல் மாற்றவும் இல்லை. மாமனார் அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டதாம். மேலே இரண்டு அங்குலம் போட்டாயிற்றாம், சிவப்புக் காவி கலந்து, வழுவழு என்று, படமும் போட்டிருக்கிறார். அழகாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். "சேச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது" என்று வேறு எழுதியிருக்கிறார்.

கோபம் இல்லை. சிலிண்டர்காரரிடம் மட்டும் இரண்டாவது படியில் இறக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அடுத்த சாரல் முடிந்ததும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என்ன சத்தம் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள்.